செவிடன் பாலம்

1

போன மாதம் இங்கே வாதியில் தண்ணீர் வந்தது.

ஓமன் நாட்டில் வாதி என்றால் மலை இடுக்கில் கிடக்கும் காய்ந்த ஆறு. வருடம் முழுவதும் கல்லும் மணலும்தான். என்றைக்காவது ஒருநாள் தண்ணீர் வரும், வந்தால் லாரியைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த இடுக்குக்குள்ளேயே ஒரு சாலை போகிறது. அந்தச் சாலையில் மலை ஊர்களுக்குக் குடிதண்ணீர் டேங்கர் ஓட்டுவது என் வேலை. இது எட்டாவது வருடம்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். மேலே மலையில் மட்டும் கறுப்பாக இருந்தது. நானும் அருள்ராஜும் வாதி ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அருள்ராஜ் சாத்தான்குளத்துக்காரர், கொத்தனார், என் அறையில் கீழ்க்கட்டில் அவருடையது. லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் தூரத்தில் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அவர் தோளைத் தட்டி, "அண்ணா, பள்ளம் வருது" என்றேன்.

அருள்ராஜ் குனிந்து தன் காலுக்கு முன்னால் இருந்த தரையைப் பார்த்தார்.

"எங்கவே பள்ளம்? ரோடு பாய் விரிச்ச மாதிரில்லா கெடக்கு."

கையைப் பிடித்து இழுத்து மேட்டில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மரக்கட்டைகள் போய்க்கொண்டிருந்தன. டீ பிளாஸ்க்கும் போனது. அவருக்கு மூச்சு வாங்கியது, பிறகு சிரித்தார்.

"தண்ணி வருதுன்னு சொல்லணும்வே. பள்ளம் வருது மேடு வருதுன்னா எவனுக்கு வெளங்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இன்னொருவன் இதே மாதிரி குனிந்து தரையைப் பார்த்தான். அவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, முன் சக்கரத்துக்குக் கீழே சாலையைப் பார்த்தான். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன். கேட்டும் நிற்காமல் போனான் என்று போலீசில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், அவன் மனைவியிடமும் சொன்னேன். அவன் செத்த பாலத்துக்கு இன்றுவரை ஊர் சொல்லும் பெயரும் நான் வைத்ததுதான். அவன் மனைவியும் மகளும் இன்னும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

அந்தப் பெயரை எடுக்க வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் அந்தச் சாலையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கொங்குப் பக்கம் பள்ளம் என்றால் ஓடை. மழைக் காலத்தில் மட்டும் ஓடும் ஓடை. அதில் தண்ணீர் பெருகி வந்தால் "பள்ளம் வருது" என்போம். ஆறு வருகிறது என்று சொல்வது போலத்தான். இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அமராவதி நகரிலிருந்து மேற்கே, மலை அடிவாரத்தில் அப்படி ஒரு பள்ளம் இறங்குகிறது. ஊசிப்பள்ளம் என்று பெயர். அவ்வளவு ஒடுக்கம். முதலில் அது மாடு போகும் தடம். அணை கட்டும்போது கல் ஏற்றிய வண்டிகள் அதன் வழியாகப் போய்ப் போய்த் தடத்தைக் கீழே இறக்கின என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு சுண்ணாம்புச் சூளைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பக்கக் கரையிலும் கல்லைத் தோண்டித் தோண்டிச் சுட்டார்கள். கரை சுவராகிவிட்டது. சில இடத்தில் இரண்டு ஆள் உயரம், சில இடத்தில் நாலு ஆள் உயரம். சூளை அணைந்துபோன பிறகு பஞ்சாயத்தில் ஜல்லி போட்டு, தார் போட்டு, மூன்று இடத்தில் தரைப்பாலம் கட்டினார்கள். தரைப்பாலம் என்றால் பள்ளத்தின் தரையோடு ஒட்டிய சிமெண்ட் மேடை, அவ்வளவுதான். கைப்பிடி கிடையாது.

வழி இப்படி. மேற்கே அங்கப்பன் டீக்கடையில் மெயின் ரோட்டை விட்டு இறங்க வேண்டும். முதல் தரைப்பாலம் சின்னது. அங்கிருந்து இடுக்கு ஆரம்பிக்கும், இரண்டு பக்கமும் சுவர், வானம் ஒரு துண்டு தெரியும். இடுக்கு முடிகிற இடத்தில் சட்டென்று இரண்டாவது தரைப்பாலம். இடுக்குக்குள் இருந்து வருகிறவனுக்குப் பாலம் தெரியும், பள்ளத்தின் மேல்பக்கம் தெரியாது. அதைக் கடந்தால் எதிர்க்கரை மேட்டில் இடிந்த சூளை. பிறகு மூன்றாவது பாலம், ஒரு ஏற்றம், அப்புறம் தாராபுரம் பக்கம் போகிற ரோடு.

இந்தச் சாலை பிரபலமானது பனியன் கம்பெனிகளால். திருப்பூரில் ஆள் போதாமல் போனபோது கம்பெனிகள் அடிவாரம் வரைக்கும் வேன் அனுப்பின. எங்கள் கம்பெனியின் யூனிட் அவிநாசிபாளையம் பக்கம் இருந்தது. அடிவாரத்துப் பெண்கள் நாலு மணிக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டு, ஆறு மணிக்கு வேன் ஏறி, எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தார்கள். ஊசிப்பள்ளம் வழியாகப் போனால் இருபது நிமிடம் மிச்சம். அந்த இருபது நிமிடத்தை யாரும் பெண்களுக்குத் தூங்கக் கொடுக்கவில்லை, இன்னொரு ஊரில் போய் ஆள் ஏற்றினார்கள். மழைக் காலத்தில் அந்த வழி வேண்டாம் என்று டிரைவர்கள் சொன்னதற்கு சூப்பர்வைசர் சொன்ன பதில்: "பள்ளம் வந்தா போகாதீங்க. வராதப்ப போங்க."

3

மாரியப்பன் விளாத்திகுளம் பக்கத்துக்காரன். திருப்பூருக்கு வந்து பத்து மாதம். அதில் ஏறக்குறைய எல்லா நாளும் டவுனுக்குள்ளேயே துணி டெலிவரி. அடிவாரத்து வேனை ஓட்டின ஆள் நின்றுவிட்டதால் அவனை இந்த ரூட்டுக்குப் போட்டார்கள். வேன் அங்கேயே நிற்க வேண்டும் என்று, டீக்கடைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடி வைத்தார்கள். மனைவி செல்வி, ஏழு வயதில் ஒரு பெண் ரம்யா.

நான் அதே கம்பெனியின் டெம்போ ஓட்டினேன். வெட்டின துணியைக் கட்டுக் கட்டாக ஊர்களுக்குக் கொண்டுபோய், வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறவர்களிடம் கொடுப்பது. அதனால் தினமும் காலையில் அங்கப்பன் கடையில் அவனைப் பார்ப்பேன்.

அவனுக்கு எங்கள் பேச்சு பிடிபடவில்லை. முதல் நாள் ஒரு பெண் வேனை நிறுத்தச் சொல்லி, "ஏனுங்ணா, ஏனுங்ணா" என்று பின்னால் இருந்து கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் அது ஆளைக் கூப்பிடுவது. இவன் திரும்பி, "ஏன்னா என்னத்தச் சொல்ல? கம்பெனில போகச் சொன்னாக, போறேன்" என்றிருக்கிறான். வேனில் இருந்த பெண்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இடுக்கில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் பின்னால் போக வேண்டும். எங்கள் ஆட்கள் ரோசம் பார்ப்பார்கள், ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார்கள். மாரியப்பன் ஒருநாளும் நின்றதில்லை. யார் வந்தாலும் அவன்தான் ரிவர்ஸ் எடுப்பான்.

"மாப்ளே, நீ முன்னால ஓட்டறதக் காட்டி பின்னால ஓட்டறதுதான் ஜாஸ்தி" என்றேன் ஒருநாள்.

"வண்டில பொம்பளப் புள்ளைக இருக்காகல்ல. எனக்கு ரோசம் வந்தா அவுகளுக்கு நேரமாகும்."

"உனக்கு பயம்னு சொல்லு."

"ஆமா, பயந்தான். குண்டு குழி வந்தா நடந்து போற மாதிரி ஓட்டுவேன். பின்னாடி ஒக்காந்திருக்கவுகளுக்குத்தான இடுப்பு ஒடியும்?"

அவன் அப்படிச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பதினோரு வருடமாக நினைவிருக்கிறது. அதை எதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

4

அவன் அந்த ரூட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள். ஐப்பசி மாதம். கீழே மழை இல்லை, ரோடு காய்ந்து கிடந்தது. மலையில் இரவெல்லாம் பெய்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது.

காலை ஆறரை மணி. நான் துணிக்கட்டைக் கொடுத்துவிட்டு எதிர்க்கரையில், சூளை மேட்டில் டெம்போவை நிறுத்திவிட்டு நின்றேன். பள்ளத்தின் மேல்பக்கம் இருந்து அந்தச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் வளைவில் தண்ணீர். செம்மண் நிறத்தில், முன்னால் முள்ளும் விறகும் தள்ளிக்கொண்டு வந்தது. அதே நேரம் இடுக்குக்குள் மாரியப்பனின் வேன் வந்துகொண்டிருந்தது. பாலத்துக்கு இன்னும் நூறு அடி இருக்கும். அவன் இருந்த இடத்தில் இருந்து தண்ணீர் தெரியாது.

நான் மேட்டின் ஓரத்துக்கு ஓடிக் கத்தினேன். "மாப்ளே, பள்ளம் வருது. பள்ளம் வருது."

அவனுக்குக் கேட்டது. கையைத் தூக்கிக் காட்டினான். பிரேக் போட்டான். வேன் நடக்கிற வேகத்துக்கு வந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அந்த வேகத்திலேயே பாலத்தில் இறங்கினான். ஜன்னலில் தலையை வெளியே விட்டுக் கீழே பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுபடி கத்தினேன். அவன் இன்னும் மெதுவாகப் போனான். நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவு மெதுவாகப் போனான்.

நின்றிருந்தால் பிழைத்திருப்பான். வேகமாக வந்திருந்தாலும் கரை ஏறியிருப்பான். பாலத்தின் நடுவில் இருக்கும்போது தண்ணீர் வந்து வேனைப் பக்கவாட்டில் சாய்த்தது.

வேனில் ஐந்து பெண்கள். மூன்று பேரை முள் வேலியில் இருந்து இழுத்து எடுத்தோம். தங்கமணியும் ஈஸ்வரியும் மூன்றாவது பாலத்துக்குக் கீழே மத்தியானம் கிடைத்தார்கள். இரண்டு பேருக்கும் சின்னக் குழந்தைகள். மாரியப்பன் வேனுக்குள்ளேயே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். கதவு அவன் பக்கம் திறந்துதான் இருந்தது.

5

போலீஸ்காரர் கேட்டார், நான் சொன்னேன். "பள்ளம் வருதுன்னு கத்தினேனுங்க. கேட்டுச்சுங்க. கையைக் கூடக் காட்டினானுங்க. இருந்தும் வண்டிய உள்ள உட்டுப்போட்டான்." பிழைத்த பெண்களும் அதற்கு ஒத்துத்தான் சொன்னார்கள். பின்னால் கண்ணாடி மூடியிருந்தது, பாட்டு ஓடியது, அவர்களுக்கு நான் கத்தியது கேட்கவில்லை. டிரைவர் யாருக்கோ கையைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்திருக்கிறார்கள். எழுதினவர் அதை எழுத்துத் தமிழில் மாற்றி எனக்கு வாசித்துக் காட்டினார். "வெள்ளம் வருகிறது என்று பலமுறை எச்சரித்தும் செவிமடுக்காமல்." செவிமடுக்காமல் என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. எட்டாவதில் பெயில் ஆனவன் நான். கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் கூட்டம். "என்னதான் ஆச்சு?" என்று அங்கப்பன் கேட்டார். அந்த வார்த்தை வாயிலேயே இருந்தது.

"செவிடனாட்டப் போனானுங்க. தெக்கத்தித் திமிரு. செவிடன் பாலம்னு பேரு வெச்சுருங்க, வாரவனுக்காவது புத்தி வரட்டும்."

அப்படித்தான் சொன்னேன். ஒரு மாதத்தில் பெயர் நிலைத்துவிட்டது.

மூன்றாம் நாள் செல்வி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். லைன் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. ஈஸ்வரியின் மாமியார் வந்து எறிந்துவிட்டுப் போன செருப்புகள். உள்ளே அந்தப் பெண் குழந்தை ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நீகதான் பாத்தீகளாம். அவுகளுக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. கையைத் தூக்கிக் காட்டினான்."

"என்னன்னு சொல்லிக் கத்துனீக?"

"பள்ளம் வருது, பள்ளம் வருதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன்."

"பள்ளமா?"

அழுகைக்கு நடுவில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. இவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"வெள்ளம்மா, வெள்ளம். தண்ணி."

"வெள்ளமா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சொந்த ஊருக்குப் போய்விடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் போகவில்லை. அவனைப் புதைத்தது அந்தப் பள்ளத்துக் கரையில்தான். அக்கட்டாலே, எதிர்க்கரையில் ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்தாள். வேறு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஸ்டாப்புக்கு வர தங்கமணி வீட்டையும் ஈஸ்வரி வீட்டையும் தாண்டித்தான் அவள் வர வேண்டும்.

6

அடுத்த வருடம் நான் கிளம்பிவிட்டேன். குற்ற உணர்ச்சியால் இல்லை, எனக்கு ஒரே இடத்தில் இருக்க முடியாது. மலேசியாவில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரி, கத்தாரில் கான்கிரீட் கலவை வண்டி, பிறகு இங்கே. கத்தாரில் ஒரு கால் விரலை விட்டுவிட்டு வந்தேன். நடக்க ஒன்றும் சிரமம் இல்லை.

இந்த வாதிச் சாலையும் முதலில் கழுதைத் தடம்தான். பேரீச்சம்பழமும் கருவாடும் ஏற்றிய கழுதைகள். பிறகு வெடி வைத்துப் பாறையை உடைத்துச் சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் சுவர் நம் ஊசிப்பள்ளத்தைப் போலப் பத்து மடங்கு. தண்ணீர் கடக்கும் இடம் ஒவ்வொன்றிலும் கம்பம் நட்டு, வெள்ளை, சிவப்பு என்று நிறம் அடித்திருக்கிறார்கள். சிவப்பைத் தண்ணீர் தொட்டால் யாரும் இறங்கக்கூடாது. எந்த ஊர்க்காரனுக்கும் எந்தப் பேச்சும் தேவையில்லை. ஒரு டப்பா பெயிண்ட்.

அருள்ராஜ் குனிந்து பார்த்த வாரமே, வெள்ளிக்கிழமை லீவில் டவுனுக்குப் போய், மனு எழுதித் தரும் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்தேன். பழைய வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்றேன். டைப் அடிப்பவர் மலையாளி.

"என்ன திருத்தணும்?"

"ஒரே வார்த்தை. வெள்ளம்னு இருக்கு, அது பள்ளம்."

"வெள்ளம் என்னு வெச்சா தண்ணி அல்லே?"

"ஆமாங்க."

"பள்ளம் என்னு வெச்சால்?"

"எங்க ஊர்ல அதுவும் தண்ணிதானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பின்னே எந்தா பிரச்னை?"

அரை மணி நேரம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பேப்பர் வெளியே வந்தபோது மேலே விஷயம் என்ற இடத்தில் எழுத்துப்பிழை திருத்தம் என்று இருந்தது. "அதாணு சரி" என்றார். "ஒரு எழுத்துத்தானே மாறுது."

பேப்பரை ஊருக்கு அனுப்பினேன். என் மகன் கவின் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை செய்கிறான். நாளெல்லாம் வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷ், கம்பெனிக்குள் ஹிந்தி. என்னோடு வாரம் ஒருமுறை கொஞ்சம் தமிழ். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"டாடி, இத்தனை வருசம் கழிச்சு இது எதுக்கு?"

"நீ சொல்லு கண்ணு. ரோட்டுல போறப்ப ஒருத்தர் பள்ளம் வருதுன்னு கத்தினா நீ என்ன பண்ணுவே?"

"ஸ்லோ பண்ணுவேன்."

"ஏன்?"

"குழி இருக்குன்னுதானே சொல்றாங்க?"

நான் பிறந்து வளர்ந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்.

அவன் பேப்பரை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் கழித்தாயிற்று, திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து போன் மேப்பைப் படம் பிடித்து அனுப்பினான். "ஆனா டாடி, இதுல இருக்கு பாருங்க." ஊசிப்பள்ளத்தின் மேல் ஒரு சின்னப் புள்ளி. பக்கத்தில் செவிடன் பாலம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும். யாரோ ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, இயற்கையான இடம் என்று எழுதியிருந்தார்.

காகிதத்தில் இருந்தது அழிந்துவிட்டது. நான் வாயால் சொன்னது நிற்கிறது.

7

செல்வியின் நம்பர் அங்கப்பன் மூலமாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. டேங்கர் நிரம்பும் இடத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டேன்.

"செல்வி, நான் டெம்போ பொன்னுசாமி."

"சொல்லுங்கண்ணே. நல்லாயிருக்கீகளா? வெளிநாட்டுல இருக்கீகன்னு சொன்னாக."

நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குக் கத்தினது என்ன வார்த்தை, அருள்ராஜ் எப்படிக் குனிந்து பார்த்தார், மாரியப்பன் எப்படித் தலையை நீட்டிப் பார்த்தான், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"எங்க ஊர்ல ஓடைன்னு சொல்லுவோம்ணே" என்றாள். "ஓடை வருதுன்னு சொல்லியிருந்தா நின்னுருப்பாக."

"ஆமாம்மா."

"பள்ளம்னா குழி. குழின்னா மெதுவாத்தான் போவாக. பின்னாடி ஆளு இருந்தா இன்னும் மெதுவாப் போவாக."

"ஆமாம்மா."

"அன்னைக்கே கேட்டேன்ல? பள்ளமான்னு கேட்டேன்ல?"

"ஆமாம்மா, கேட்டே."

"எனக்கு வெளங்கணும்னு வெள்ளம்னு மாத்திச் சொன்னீகளே. எனக்கு மாத்திச் சொல்லத் தெரிஞ்சுச்சுல்ல உங்களுக்கு?"

அவள் சத்தம் போடவில்லை. காய் என்ன விலை என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு, "இதை என் புள்ளைகிட்ட உங்க வாயாலயே சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது. அப்பன் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிரும்" என்று போனைக் கொடுத்தாள்.

ரம்யாவுக்கு இப்போது பதினெட்டு. அதே வேன் ரூட்டில் அவளும் கம்பெனிக்குப் போகிறாள். போனில் வந்தது சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சு.

"சொல்லுங்க."

சொன்னேன். அவள் உடனே, "பள்ளம் வருதுன்னா தண்ணி வருதுன்னு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்க. எங்கப்பாவுக்கு அதுகூடவா தெரியாது?" என்றாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியாது கண்ணு. அவரு வந்து பத்து மாசந்தான். உங்கம்மாவைக் கேளு."

போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஏம்மா, நீ மொதமொதல்ல இங்க வந்தப்ப பள்ளம்னா என்னன்னு நெனச்சே?"

"குழின்னு நெனச்சேன்."

டேங்கர் நிரம்பி வழிய ஆரம்பித்துவிட்டது. வால்வை மூடப் போகாமல் நின்றேன்.

"ஏனுங்க" என்றாள் ரம்யா கடைசியில். "எங்க வேன்ல தெனமும் அந்த எடம் வந்தா டிரைவர் சத்தம் போடுவாருங்க. செவிடன் பாலம் வந்துருச்சு, எறங்கறவங்க எறங்குங்கன்னு. நானும் எங்கம்மாவும் எறங்குவோமுங்க. ஸ்கூல்ல என்னைச் செவிடன் புள்ளைன்னுதான் கூப்புடுவாங்க. பேரு கேட்டா அதையே நானும் சொல்லியிருக்கறனுங்க. எங்கப்பனாலதான இப்படின்னு, அவரைப் பொதைச்ச எடத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லீங்க. எறங்கற எடத்துல இருந்து நாப்பது அடிதானுங்க."

"அந்தப் பேரை மாத்தறதுக்குத்தான் கண்ணு கூப்புட்டேன். என்ன பேரு வெக்கலாம்னு நீயே சொல்லு. உங்கப்பா பேரையே வெக்கலாம்."

"எங்கப்பா பேரு எதுக்குங்க? அவரு என்ன தப்புப் பண்ணுனாரு?"

"பின்னே?"

"எங்கப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேட்டிருக்குதுங்க. சொல்ல வராதவரு நீங்கதானுங்க. ஊமையன் பாலம்னு மாத்திப்போடுங்க."

மரியாதை ஒன்றும் குறையவில்லை. எல்லா வார்த்தைக்கும் ங்க போட்டுத்தான் சொன்னாள்.

"அப்புறம் தங்கமணி அக்கா ஊட்டுக்கும் ஈஸ்வரி அக்கா ஊட்டுக்கும் நீங்களே வந்து சொல்லோணுமுங்க. எங்கம்மா போகாது. நானும் போகமாட்டனுங்க." வைத்துவிட்டாள்.

8

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருக்கிறது. மாற்று டிரைவர் வராமல் விடமாட்டோம் என்கிறார்கள். மாசி பங்குனி ஆகலாம். அந்த இரண்டு வீடுகளுக்கும் அதற்கு முன்னால் இந்தக் குறிப்பு போய்ச் சேர்ந்தால் சேரட்டும். உங்கள் வீட்டுப் பெண்களைக் கொன்றவன் மாரியப்பன் இல்லை. அவன் அவர்களுக்கு இடுப்பு வலிக்கக்கூடாது என்று மெதுவாகப் போனான்.

நேற்று மத்தியானம் போன் மேப்பைத் திறந்து, அந்தப் புள்ளியைத் தொட்டு, பெயர் மாற்றம் கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஊமையன் பாலம் என்று அடித்தேன். காரணம் கேட்டது. கொடுத்திருந்த வரிசையில் எழுத்துப்பிழை என்று ஒன்று இருந்தது, பெயர் தவறு என்று ஒன்று இருந்தது. பெயர் தவறு என்பதைத் தொட்டேன். உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அந்த ரூட்டில் வேன் ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மேப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை அந்த இடம் வரும்போது புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். யார் அந்த ஊமையன் என்று பெண்கள் கேட்பார்கள். டெம்போ பொன்னுசாமி என்று சொல்லுங்கள். அங்கப்பன் கடையில் விசாரித்தால் என்னைத் தெரியும்.